ரெட்ரோ கேமிங் பெட்டிக்கு எந்த ஸ்டோரேஜ்? மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த அனுபவம்

டிவிக்குப் பின்னால் ஒட்டிவைத்த ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியில் சில வருடங்களாகப் பழைய வீடியோ கேம்கள் ஓடுகின்றன. அதில் போட்ட கேமிங் சிஸ்டம் முதலில் ரெட்ரோபை, பிறகு பட்டோசெரா. கேம்களை வைக்கும் இடம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது: மெமரி கார்டு, பென் டிரைவ், பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க், யுஎஸ்பி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிரைவ்), பை 5 வாங்கிய பின் என்விஎம்இ (போர்டிலேயே செருகும் வேகமான எஸ்எஸ்டி). கேம் வேகமாக ஓட வேண்டும் என்பதற்காக ஸ்டோரேஜை மாற்ற நினைத்தால், அந்தச் செலவு பெரும்பாலும் வீண். மாற்றுவதற்கு நல்ல காரணங்கள் உண்டு, ஆனால் அவை வேறு.

ஏன் என்றால் இந்த கேம்கள் அவ்வளவு சின்னவை. சூப்பர் நின்டெண்டோவின் ஆகப் பெரிய கேமே 6 எம்பி. கேம்பாய் அட்வான்ஸில் உச்சம் 32 எம்பி, நின்டெண்டோ 64-இல் 64 எம்பி. எமுலேட்டர், அதாவது பழைய கேம் கருவியைப் போல நடிக்கும் மென்பொருள், தொடங்கும்போதே முழு கேமையும் ராமில் ஏற்றிவிடும், அதன்பின் கார்டைத் தொடவே தேவையில்லை. பிளேஸ்டேஷன் 1 சிடி என்பதால் இடையிடையே படிக்கும். ஆனால் அசல் பிளேஸ்டேஷனின் சிடி டிரைவ் நொடிக்குப் படித்ததே 300 கேபிதான். எமுலேட்டர் அந்த டிரைவின் தாமதத்தையும் சேர்த்தே நடித்துக் காட்டுகிறது. அதனால் எவ்வளவு வேகமான டிரைவைப் போட்டாலும் லோடிங் திரை அப்படியேதான் நிற்கும்.

வேகம் தெரிவது மூன்று இடங்களில். பெட்டி ஆன் ஆகும்போது, கேம்களை உள்ளே காப்பி செய்யும்போது, அட்டைப் படங்களும் முன்னோட்ட வீடியோக்களும் நிறைந்த மெனுவில் கீழே இறங்கும்போது. (ஒரு எட்டு பிட் நின்டெண்டோ கேம் சில நூறு கேபி இருக்கும், அதன் முன்னோட்ட வீடியோ பல எம்பி! என் டிஸ்க்கில் சில பிரிவுகளில் கேம்களைவிட அலங்காரம்தான் அதிக இடம் பிடிக்கிறது.) மெனுவுக்குச் சின்னச் சின்னக் கோப்புகளைச் சட்டென்று படிக்கும் திறன் வேண்டும். அதற்குக் கார்டில் ஏ1 முத்திரை இருக்கிறதா என்று பார்த்தால் போதும்: நொடிக்குக் குறைந்தது 1500 சிதறிய வாசிப்புகள், 500 எழுத்துகள் என்பது அதன் உத்தரவாதம். ஏ2 கார்டுக்குப் பை 4-இல் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அதேபோல உறையில் 170 எம்பி வேகம் என்று போட்டிருந்தாலும் பை 4-இன் கார்டு ஸ்லாட் 50 எம்பிக்கு மேல் போகாது. கார்டு எதுவானாலும் வாங்கியதும் உண்மையான கொள்ளளவைச் சோதிக்கும் எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். 256 ஜிபி என்று பொய் சொல்லும் கார்டுகள் நிறையச் சுற்றுகின்றன.

சரி, கார்டில் என்னதான் பிரச்சினை? சேவ். என்னிடம் ஒரு கார்டு சாகும் முன் சத்தமே இல்லாமல் எழுதுவதை மட்டும் நிறுத்திக்கொண்டது. கேம் ஓடுகிறது, சேவ் ஆனதாகவும் காட்டுகிறது. மறுமுறை ஆன் செய்தால் பழைய இடத்திலேயே நிற்கிறோம். கேம் கோப்புகள் போனால் மறுபடி காப்பி செய்துகொள்ளலாம், நாற்பது மணி நேரம் ஆடிய ஆர்பிஜி (கதையோடு நீளும் ரோல் பிளேயிங் கேம்) சேவ் போனால் போனதுதான். அதனால் படிக்க மட்டும் செய்யும் கோப்புகளை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அடிக்கடி எழுதப்படுபவற்றுக்குத்தான் நல்ல இடம் தேட வேண்டும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: எமுலேட்டர்களை ஓட்டும் ரெட்ரோஆர்க் மென்பொருள் சாதாரணமாக 'பேட்டரி சேவ்' கோப்பை (கேமுக்குள்ளேயே கொடுக்கும் சேவ்), கேமை விட்டு வெளியே வரும்போதுதான் டிஸ்க்கில் எழுதும். கேமுக்குள் 'சேவ்' கொடுத்துவிட்டு நேராகப் பிளக்கைப் பிடுங்கினால் எஸ்எஸ்டியாக இருந்தாலும் காப்பாற்றாது. செட்டிங்ஸில் சேவிங் பகுதிக்குள் சேவ்ரேம் ஆட்டோசேவ் இன்டர்வல் என்று ஒன்று இருக்கும், அதை 10 நொடி என்று வையுங்கள். குழந்தைகள் ஆடும் வீட்டில் இது கட்டாயம். சேவ் ஃபோல்டரைத் தினமும் இன்னொரு கணினிக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி வழியாக நகல் எடுக்கிறேன். சில எம்பிதான், நொடியில் முடிந்துவிடும்.

அப்புறம் சிஸ்டத்தையும் கேம்களையும் பிரித்து வைத்தேன். 32 ஜிபி கார்டில் சிஸ்டம் மட்டும், மற்றதெல்லாம் வெளி டிரைவில். பட்டோசெராவில் மெனுவிலேயே எந்த டிரைவ் என்று தேர்ந்தெடுக்கலாம். கார்டு போனால் புதிதாக ஒன்றை எழுதிச் செருகினால் வேலை முடிந்தது. டிரைவை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்தால் விண்டோஸில் செருகிக் காப்பி செய்ய வசதிதான், ஆனால் ஜர்னலிங் (எழுதப்போவதை முன்கூட்டியே குறித்துவைக்கும் பாதுகாப்பு) கிடையாது, கரண்ட் போனால் கோப்புகள் குழம்ப வாய்ப்பு அதிகம். நான் ஜர்னலிங் உள்ள லினக்ஸ் ஃபார்மட்டான எக்ஸ்ட்4-இல் வைத்து, காப்பி எல்லாம் நெட்வொர்க் வழியாகச் செய்கிறேன்.

பென் டிரைவ் ஆரம்பத்துக்குச் சரி, நிறைய எழுதினால் சூடாகி மந்தமாகிவிடும். ஹார்ட் டிஸ்க்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பை 4-இன் நான்கு யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான், டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அது போதாமல் போகலாம். தூங்கிப்போன டிஸ்க் விழிக்கும்வரை மெனு உறைந்து நிற்கும்.

நீண்ட காலம் நிலைத்தது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியும் யுஎஸ்பி 3 அடாப்டரும். இதில் எஸ்எஸ்டியைவிட அடாப்டரைப் பார்த்து வாங்க வேண்டும். சில அடாப்டர் சிப்களுக்கு, யுஎஸ்பி டிரைவோடு வேகமாகப் பேச லினக்ஸ் பயன்படுத்தும் யுஏஎஸ் முறை ஒத்துவராது, டிரைவ் திடீரென்று காணாமல் போகும். சிஸ்டம் தொடங்கும்போது படிக்கும் சிஎம்டிலைன் கோப்பில் அந்தச் சிப்புக்கு மட்டும் யுஏஎஸ்ஸை அணைத்ததும் என்னுடையது ஒழுங்காகிவிட்டது.

ஆனால் எஸ்எஸ்டி போட்டதும் வேறொரு தொல்லை தலைகாட்டியது. ப்ளூடூத் கன்ட்ரோலர் அவ்வப்போது தடுமாறியது. மேரியோ குதிக்க வேண்டிய நேரத்தில் குழியில் நடந்து போனார். பேட்டரியைச் சந்தேகித்தேன், எமுலேட்டரைச் சந்தேகித்தேன். காரணம் யுஎஸ்பி 3-இலிருந்து கசியும் ரேடியோ இரைச்சல். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது, ப்ளூடூத்தும் அங்கேதான் பேசுகிறது. இன்டெலே இதைப் பற்றி 2012-இல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. நல்ல உறை போட்ட நீளமான கேபிளால் டிரைவைத் தள்ளிவைத்து, யுஎஸ்பி 2 போர்ட்டில் நீட்டிப்பு ஒயரோடு தனி ப்ளூடூத் டாங்கிளைச் செருகினேன். தடுமாற்றம் நின்றது. டிரைவையே யுஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றினாலும் சரியாகும், முன்னே சொன்ன காரணத்தால் கேமுக்கு அந்த வேகமே தாராளம்.

பெரிய டிரைவ் வாங்கும் முன் சிடி கேம்களை சிஎச்டி என்ற சுருக்கிய கோப்பு வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள். ஆர்கேட் கேம்களுக்கான மேம் எமுலேட்டரோடு வரும் சிஎச்டிமேன் கருவி, சிடியின் நகலான .bin, .cue கோப்புகளைச் சேர்த்து ஒரே கோப்பாகச் சுருக்கும். எதையும் இழக்காத சுருக்கம், வேண்டுமானால் பழையபடி விரித்துக்கொள்ளலாம். என் பிளேஸ்டேஷன் தொகுப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இளைத்தது.

கடைசியாக என்விஎம்இ. பை 5-இல் பிசிஐஇ என்ற வேகமான இணைப்பு இருப்பதால் எம்.2 ஹாட்+ என்ற துணைப் பலகையைப் பொருத்தி 2230 அல்லது 2242 அளவு டிரைவைச் செருகலாம், நீளமான 2280-க்கு வேறு பலகை தேவை. பூட் ஆவது விறுவிறுப்பு, பெரிய கோப்புகளைக் காப்பி செய்வது சுகம். கேமுக்குள் போனபின் யுஎஸ்பி எஸ்எஸ்டிக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. எனக்குப் பிடித்தது வேறு: தொங்கும் கேபிள் இல்லை, யுஎஸ்பி 3-ஐத் தொடாததால் ப்ளூடூத் தொல்லையும் இல்லை, டாங்கிளைக் கழற்றிவிட்டேன். பை 4 ஏற்கெனவே கையில் இருப்பவர் இதற்காக மட்டும் புதிய போர்டு வாங்க வேண்டியதில்லை. புதிதாகப் பை 5-இலேயே தொடங்குகிறவர் சாட்டா எஸ்எஸ்டி, அடாப்டர் என்று சுற்றாமல் நேராக இதையே போட்டுக்கொள்ளலாம்.