மலையில் கூலிங் டவருக்கு லெவல் சென்சார் வாங்கப் போகிறீர்களா? என் 38,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டு வாங்குங்கள்

இன்று காலை சென்சார் விற்றவர்களிடமிருந்து கடைசி பதில் வந்தது. ‘உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது.’ அவ்வளவுதான். 38,500 ரூபாய். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

குன்னூர் பக்கம் சின்னதாகக் காளான் பண்ணை வைத்திருக்கிறேன். மொட்டுக் காளான் அறை 14 முதல் 18 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காளான் வளரும் படுகையே சூடு விடும் என்பதால் இந்தக் குளிரிலும் சில்லர் என்ற குளிரூட்டும் இயந்திரம் தேவை. சில்லரின் சூட்டைத் தண்ணீர் கொட்டி வெளியேற்ற ஒரு கூலிங் டவர், அதன் அடித்தொட்டியில் அரை மீட்டர் தண்ணீர். ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்ட இருந்த மிதவை வால்வு உப்புப் படிந்து சிக்கிக்கொண்டது. தொட்டி வற்றி, பம்பு காற்றை இழுத்து, ராத்திரியில் சில்லர் நின்றது. ஒரு அறைக் காளான் வீண். அதற்குப் பிறகுதான் தண்ணீர் மட்டத்தை அளக்கும் லெவல் சென்சார் போடலாம் என்று முடிவு செய்தேன்.

தொழிற்சாலைச் சாமான்கள் விற்கும் ஒரு ஆன்லைன் தளம். பெயர் போடவில்லை. விசாரித்த பத்தாவது நிமிடம் ஒருவர் கூப்பிட்டார். நல்ல தமிழ், பொறுமையான பேச்சு. “எந்த ஊருங்கண்ணா?” என்றார். குன்னூர் என்றதும், “எங்கம்மா கோத்தகிரிக்காரங்க. நம்ம ஊரு ஆளுக்குத் தப்பான சாமான் தருவேனாண்ணா?” என்றார்.

நான் மேலிருந்து ஒலி அலை அனுப்பி மட்டத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் பார்த்து வைத்திருந்தேன். வேண்டாம் என்றார். டவருக்குள் எப்போதும் ஆவி, சென்சாரின் முகத்தில் நீர் கோத்துக்கொள்ளும், மேலிருந்து தண்ணீர் கொட்டுவதால் அலை அடித்து அளவு தாறுமாறாகும் என்றார். கம்பி எலெக்ட்ரோடு போட்டால் உப்புப் படியும் என்றார். இரண்டுமே உண்மை. விலை கூடின சாமானை வேண்டாம் என்கிறாரே, நாணயமான மனிதர் என்று அங்கேதான் நம்பினேன். தண்ணீருக்குள் முங்கிக் கிடந்து அழுத்தத்தை அளக்கும் சென்சார், கண்ட்ரோலர், மின்சாரத்தில் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு எல்லாம் சேர்த்து 38,500 ரூபாய். அன்றைக்கே பணம் அனுப்பினேன்.

மாட்டிய நாள் முதல் கண்ட்ரோலர் தொட்டி காலி என்றே காட்டியது. வால்வு மூடவே இல்லை. இரண்டு ராத்திரி தண்ணீர் வழிந்து ஓடியது. கோடையில் குன்னூரில் லாரித் தண்ணீருக்கு நாங்கள் படும் பாடு இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். தண்ணீரோடு ஊற்றி வைத்த கெமிக்கலும் போனது.

போன் செய்தேன். “செட்டில் ஆக ரெண்டு நாள் ஆகுங்கண்ணா.” ஆனது. “உங்க எலக்ட்ரீசியன் வயரை மாத்திக் குடுத்திருப்பார்.” மாற்றவில்லை, படம் எடுத்து அனுப்பினேன். “கண்ட்ரோலர்ல ஜீரோவை மாத்துங்க.” தொட்டி காலி என்றாலே சென்சார் 4 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் அனுப்ப வேண்டும், வருவதே அதற்குக் கீழே நிற்கும்போது எந்த ஜீரோவை மாற்றுவது? அப்புறம் அண்ணா ‘சார்’ ஆனார். அதற்கப்புறம் போனை எடுக்கவே இல்லை. அலுவலகத்தில் கேட்டால், கேபிளை வெட்டி இணைத்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லையாம்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அண்ணன். வெட்டிய கேபிள் துண்டைப் பார்த்ததும், “உள்ளே காற்றுக் குழாயே இல்லையே தம்பி” என்றார். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பர்லியாறு தாண்டி மலை ஏற ஏற உப்புகிறதல்லவா, அதே கதைதான். இந்த சென்சாருக்குள் கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தை அடைத்து மூடியிருக்கிறார்கள். தொட்டித் தண்ணீரும் அதன் மேலுள்ள காற்றும் சேர்ந்து தரும் அழுத்தத்தை அதோடு ஒப்பிட்டுத்தான் அது அளக்கும். கடல் மட்டத்தில் 1013 மில்லிபார் என்றால், 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் சுமார் 200 குறைவு. 200 மில்லிபார் என்பது இரண்டு மீட்டர் தண்ணீரின் அழுத்தம். என் தொட்டியில் இருப்பதோ அரை மீட்டர். அந்த சென்சாரின் கணக்கில் என் தொட்டி நிரம்பினாலும் காலிதான்! கேபிளுக்குள் ஒரு நுண்குழாய் வைத்து வெளிக்காற்றை உள்ளே விடும் வகை இருந்தால் இந்தப் பிரச்சினையே வராது. ஊர் பெயரைக் கேட்டு, கோத்தகிரிக் கதை பேசியவருக்கு இந்த ஒன்றைக் கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. தெரியாமல் செய்திருந்தாலும், சொன்ன பிறகாவது மாற்றித் தந்திருக்கலாம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்: காற்றுக் குழாய் உள்ள கேபிள்தானா என்று எழுத்தில் கேளுங்கள், உங்கள் ஊர் உயரத்தையும் எழுதிக் கொடுங்கள். அந்தக் குழாயின் நுனி சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டிக்குள் முடியட்டும், நம் பனிமூட்டத்தில் குழாயில் நீர் கோத்து அடைத்துக்கொள்ளும். கேபிளை வெட்டும் முன் ஒரு பக்கெட்டில் முக்கிப் பாருங்கள், 30 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 30 காட்ட வேண்டும். பழைய மிதவை வால்வைத் தூக்கிப் போடாதீர்கள். நான் அதைத்தான் சுரண்டிக் கழுவி மறுபடி மாட்டியிருக்கிறேன்.

கேபிள் துண்டின் படமும் அவர்கள் அனுப்பிய பில்லும் என்னிடம் இருக்கின்றன. ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் யாராவது வாங்குவதாக இருந்தால் பணம் கட்டும் முன் கேளுங்கள், அனுப்புகிறேன்.