பழைய சினிமா போஸ்டரில் காசு போடச் சொல்லி வருகிறவரிடம் கவனம்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் இருப்பவர்கள், முக்கியமாக வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள், தயவுசெய்து இதை முழுக்க வாசியுங்கள். பழைய எம்ஜிஆர், சிவாஜி படப் போஸ்டர்களை 'முதலீடு' என்று விற்கும் ஒருவரிடம் எங்கள் வீட்டுக் காசு நாலரை லட்சம் ரூபாய் போயிருக்கிறது. தம்பி லண்டனில் இரவு வேலை செய்து அனுப்பிய காசு அது. அந்த ஆள் இன்னும் நிறுத்தவில்லை. இப்போது மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் திரிவதாக அறிந்ததால்தான் எழுதுகிறேன்.

வந்ததும் 2022-இல் ரூபாய் விழுந்ததைப் பற்றித்தான் பேசுவார். 200 ரூபாயில் இருந்த டொலர் 360 வரைக்கும் போனதை யார் மறந்தோம்? அந்தப் பயத்தைத்தான் அவர் பிடிக்கிறார். "அக்கா, பாங்கில கிடக்கிற காசு கரைஞ்சு போகும். இது டொலரில விலை போற சாமான்" என்பார். பிறகு போனில் படம் காட்டுவார். 1927-இல் வந்த ஜெர்மன் படமான மெட்ரோபொலிஸின் போஸ்டர் 2005-இல் 690,000 டொலருக்கு விலைபோனது. 1932-இல் வந்த 'த மம்மி' படத்தின் போஸ்டர் 1997-இல் நியூயோர்க் ஏலத்தில் 453,500 டொலருக்குப் போனது. இரண்டும் உண்மை. நானே தேடிப் பார்த்தேன். ஆனால் அவர் சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. அதே மம்மி போஸ்டர் 2018-இல் அதே ஏல நிறுவனத்திடம் மறுபடி வந்தது. பத்து லட்சம் டொலருக்கு மேல் போகும் என்று எதிர்பார்த்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை, விற்காமலே திரும்பிப் போனது. உலகத்தில் இரண்டு மூன்று பிரதிதான் மிஞ்சியிருக்கிறது என்று சொல்லப்படும் போஸ்டருக்கே அந்த நிலை.

எங்களிடம் விற்றவற்றுக்கு அவர் சொன்ன கதை இன்னும் மோசம். வன்னியில் ஒரு பழைய தியேட்டர்காரர் இடம்பெயர முன் இரும்புப் பெட்டியில் வைத்துப் புதைத்துவிட்டுப் போனாராம், மீளக் குடியேறிய பிறகு தோண்டி எடுத்தார்களாம். இதைக் கேட்டு அப்பாவின் கண் கலங்கிவிட்டது. எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் வின்சர், வெலிங்டன், மனோகரா என்று ஒரு படமும் விடாமல் பார்த்த மனிதர் அவர். போஸ்டரைக் கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் காசு போனதைவிட இந்தக் கதைதான் ஆறவில்லை. 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு, விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று போன சனம் எதைக் கொண்டு போனது? காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புப் பதிவு, முடிந்தவர்கள் கல்யாண அல்பம். அதையும் சொப்பிங் பாக்கில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போய், பாதி வழியில் இழந்தவர்கள் எத்தனை பேர். திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, கதவு நிலையும் இல்லை. அந்த இழப்பை எடுத்துத் தன் சரக்குக்குச் சாட்சியாக வைக்கிறார் இவர். இதை நான் மன்னிக்க மாட்டேன்.

இரண்டு வருடத்தில் நாற்பது வீதம் கூட்டித் தானே திரும்ப வாங்குவதாகக் கடிதமும் தந்தார். அப்பாவுக்குச் சத்திரசிகிச்சை வந்தபோது கேட்டோம். முதலில் சந்தை சரியில்லை என்றார். அப்புறம் கொழும்பில் ஒரு ஆள் பார்க்கிறார் என்றார். பிறகு போனை எடுக்கவே இல்லை.

வவுனியாவில் எங்களுக்கு உறவான ஒரு மாமா இருக்கிறார், வாழ்நாள் முழுக்க அச்சகத்தில் நின்றவர். அவரிடம் கொண்டு போனோம். பூதக்கண்ணாடியை வைத்த உடனேயே சொல்லிவிட்டார். அந்தக் காலத்து ஓப்செட் அச்சில் நிறப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் நிற்கும். எங்கள் போஸ்டரில் மை பொடிப்பொடியாகத் தெளித்தது போல் இருந்தது, கணினிப் பிரிண்டர் அப்படித்தான் அடிக்கும். அதற்குள்ளே பழைய அச்சுப் புள்ளிகளின் மங்கிய தடமும் தெரிந்தது. அதாவது ஏதோ அசல் போஸ்டரின் படத்தை எடுத்துப் பெரிதாக்கி அடித்திருக்கிறார்கள். அடியில் அச்சகத்தின் பெயர் வரவேண்டிய வரி வாசிக்க முடியாமல் கலங்கிக் கிடந்தது.

பிறகு எழுத்தைக் காட்டினார். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978-இல். அதற்கு முன் லை, ளை, னை, ணை எல்லாம் துதிக்கை வைத்த பழைய வடிவம். அறுபதுகளில் வந்த படம் என்று விற்ற போஸ்டரில் 'கலை' என்ற சொல்லில் இன்றைக்கு நாம் எழுதும் லை இருந்தது. தலைப்பைப் படமாக எடுத்துவிட்டு, கீழே உள்ள பெயர்களைக் கணினியில் புதிதாகத் தட்டியிருக்கிறார்கள். இதைப் பார்க்கக் கண்ணாடி கூடத் தேவையில்லை.

அளவும் பிழை. இந்தியப் போஸ்டர் வழக்கமாக 30க்கு 40 அங்குலம். எங்களுடையவை 24க்கு 36, இன்றைக்குச் சுவர் அலங்காரத்துக்கு அடிக்கிற அளவு. தியேட்டருக்குப் போஸ்டர் மடித்துத்தான் வரும், அந்த மடிப்பு எத்தனை வருடமானாலும் போகாது. இவற்றில் மடிப்பே இல்லை, ஓரத்தை மட்டும் தேத்தண்ணி நிறத்தில் பழுப்பாக்கியிருந்தார்கள். கடைகளில் தாள் காசு சோதிக்கும் நீல லைட்டைப் பிடித்தபோது, ஐம்பதுகளின் தொடக்கத்தில் அடித்ததாகச் சொன்ன போஸ்டர் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தது. கடதாசியை வெண்மையாக்கும் அந்த ரசாயனம் பரவலானது அதற்குப் பிந்தித்தான். ஆனால் லைட்டை மட்டும் நம்பி முடிவு எடுக்க வேண்டாம், பிந்திய காலத்து அசல் கடதாசியும் ஒளிரலாம் என்று மாமா சொன்னார்.

சரி, அசலாகவே இருந்தாலும்? எங்கள் ஊரில் அதை யார் வாங்குவார்? அவசரத்துக்கு நகையை அடகு வைக்கலாம், நிலையான வைப்பை உடைக்கலாம். போஸ்டரை எந்த வங்கி எடுக்கும்? வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பினால் ஏல நிறுவனம் தன் பங்கைக் கழித்துக்கொள்ளும், அனுப்பும் செலவும் நம் தலையில். அது வரைக்கும் வன்னி வெயிலிலும் மார்கழி ஈரத்திலும் கறையானிடமிருந்து கடதாசியைக் காப்பாற்ற வேண்டும். 2018 மார்கழி வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. மருத்துவத்துக்கும் படிப்புக்கும் வைத்திருக்கும் காசை இதில் போடாதீர்கள். பிடித்த நடிகரின் படம் என்று ஆசைக்கு ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டுவது வேறு விசயம். அதற்கு ஆசைக்குரிய விலை கொடுங்கள்.

உண்மையில் அருமையானவை நம் நாட்டில் எழுபதுகளில் எடுத்த தமிழ்ப் படங்களின் போஸ்டர்கள். 1983 யூலைக் கலவரத்தில் கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் இருந்த சினிமா ஸ்டூடியோவை எரித்தது போன்ற அழிவுகளுக்குப் பிறகு அந்தப் படங்களின் தடயமே குறைவு. யார் வீட்டிலாவது அப்படி ஒன்று இருந்தால் விலை பேசுவதற்கு முன், நம் பழைய ஆவணங்களை மின்வடிவில் சேர்த்து வைக்கும் 'நூலகம்' நிறுவனத்திடம் காட்டி ஒரு மின்பிரதியாவது எடுத்து வையுங்கள்.

கடைசியாக, பற்றுச்சீட்டு. எங்களுக்குத் தந்ததில் 'சுவர் அலங்காரப் படம்' என்றுதான் எழுதியிருக்கிறது, பழையது என்றோ அசல் என்றோ ஒரு சொல் இல்லை. திரும்ப வாங்கும் கடிதத்தில் வியாபாரப் பதிவு இலக்கமும் இல்லை. நாங்கள் பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். அவரிடம் ஏற்கெனவே வாங்கியவர்கள் போஸ்டரைக் கோபத்தில் கிழித்துப் போடாதீர்கள், அதுதான் சான்று. பற்றுச்சீட்டு, கடிதம், வங்கியில் காசு போட்ட துண்டு, அவர் அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிப் பொலிசில் நீங்களும் முறைப்பாடு எழுதுங்கள். தனித்தனியாக நின்றால் விலைத் தகராறு என்று சொல்லிக் கழன்றுவிடுவார். ஒரே கதையைப் பல வீட்டில் சொல்லி விற்றிருக்கிறார் என்பது பதிவில் வரவேண்டும்.