85,000 ரூபாய்க்கு ஒரு செல்லாத பத்திரம்: குடும்ப டிரஸ்ட் எழுதப் போகிறவர்கள் கவனத்திற்கு

இன்று காலை பதினொரு மணிக்குத்தான் உறுதியானது. கை இன்னும் நடுங்குகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மகனுக்காக எழுதிய டிரஸ்ட் பத்திரம் வீட்டைப் பொறுத்தவரை செல்லாது. அதற்கு நான் கொடுத்தது 85,000 ரூபாய்.

மகனுக்கு 27 வயது. ஆட்டிசம். பணம் எண்ணத் தெரியாது, கையெழுத்துப் போடத் தெரியாது. வேறு பிள்ளை இல்லை. எனக்கு 64, மனைவிக்கு 60. எங்களுக்குப் பிறகு இவன் என்ன ஆவான் என்ற கேள்வியோடுதான் பல வருடங்களாகப் படுக்கப் போகிறோம். வீட்டை உயிலில் அவன் பெயருக்கு எழுதி வைத்தாலும், அதை வாடகைக்கு விடவோ விற்கவோ அவனால் முடியாது. அதனால் வீட்டையும் வங்கி வைப்புத்தொகையையும் ஒரு தனியார் டிரஸ்டில் வைத்து, என் தங்கை மகனை டிரஸ்டியாக, அதாவது சொத்தை நிர்வகிப்பவராகப் போட்டு, வருமானம் முழுவதும் இவன் செலவுக்கே என்று எழுத நினைத்தோம். யோசனையில் தவறில்லை, இப்போதும் அதையே சொல்வேன். போன இடம்தான் தவறு.

உயிலும் டிரஸ்டும் எழுதித் தருவதாக இணையத்தில் விளம்பரம் செய்யும் நிறுவனம் அது. வழக்குக்குப் போகப் போகிறேன், அதனால் பெயரை எழுதவில்லை. வீட்டுக்கே ஓர் இளைஞரை அனுப்பினார்கள்.

புது ஆள் வந்தால் மகன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அன்று போகவில்லை. வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மகன் நிறம் வாரியாக அடுக்கிக்கொண்டிருந்த பாட்டில் மூடிகளில் ஒரு நீல மூடியை எடுத்து, நீல வரிசையின் கடைசியில் வைத்தார். சரியான இடத்தில். மகன் அவரை நிமிர்ந்து பார்த்தான். எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு இது இன்றுவரை தோன்றியதில்லை. மனைவி அடுக்களைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபியோடு வந்தாள்.

"அப்பா, பத்திரப் பதிவு உட்பட எல்லாம் எங்கள் பொறுப்பு. நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்றார். காபி ஆறுவதற்குள் கைபேசியிலேயே 85,000 ரூபாயை அனுப்பிவிட்டேன். முப்பத்தைந்து வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். இரண்டு ரூபாய் வித்தியாசத்துக்கு இரவு எட்டு மணி வரை உட்கார்ந்தவன். ஒரு நீல மூடிக்கு விழுந்தேன்.

பத்து நாளில் பத்திரம் வந்தது. 200 ரூபாய் முத்திரைத்தாள், ஆங்கிலத்தில் 22 பக்கம். படித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். மூன்று பக்கம் பார்த்தேன், கையெழுத்திட்டு அனுப்பினேன். நோட்டரி முத்திரையோடு திரும்பி வந்தது. பதிவு எப்போது என்று கேட்டேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் சர்வர் வேலை செய்யவில்லையாம். அடுத்த வாரம், டோக்கன் கிடைக்கவில்லையாம். பிறகு சட்டப் பிரிவின் பரிசீலனையில் இருந்ததாம். பிறகு அந்த இளைஞர் வேலையை விட்டே போய்விட்டாராம். முதலில் அப்பா, இரண்டாம் மாதம் சார், கடைசியில் 'அன்பான வாடிக்கையாளரே'. போன வாரம் வந்த பதில் இது: நோட்டரி செய்ததே போதுமானது, பதிவு என்பது கூடுதல் சேவை, வேண்டுமானால் தனியாக 40,000 ரூபாய்.

இன்று காலை அதை எடுத்துக்கொண்டு ஒரு பத்திர எழுத்தரிடம் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தவர், ஏழாம் பக்கத்தில் நிறுத்தி, "ஐயா, உங்களுக்கு மகள் இருக்கிறாரா?" என்றார். மூத்த மகளின் திருமணச் செலவுக்கு ஒரு பிரிவு எழுதியிருக்கிறது! கொஞ்சம் தள்ளி, மகாராஷ்டிரா பொது அறக்கட்டளைச் சட்டத்தின்படி என்று ஒரு வரி. யாரோ மும்பைக்காரர் தர்மகாரியத்துக்கு எழுதியதையும் யாரோ மகளைப் பெற்றவர் எழுதியதையும் ஒட்டவைத்து என்னிடம் 85,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

அவர் சொல்லித்தான் தெரிந்தது. 1882ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்தை டிரஸ்டில் வைக்க வேண்டுமானால் ஒன்று பதிவு செய்த பத்திரம் வேண்டும், இல்லையென்றால் உயில் வேண்டும். நோட்டரி முத்திரை அதற்கு ஈடாகாது. கையெழுத்திட்ட நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் அபராதத்தோடு இன்னும் நான்கு மாதம். என்னை இழுத்தடித்தே முதல் நான்கு மாதத்தைத் தீர்த்துவிட்டார்கள். சொத்தின் மீது நடந்த பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றைத் திரையில் காட்டினார். வீடு என் பெயரில் அப்படியே இருக்கிறது. டிரஸ்ட் என்ற பேச்சே அதில் இல்லை.

இன்னொரு பொய்யும் வெளிவந்தது. டிரஸ்ட் இருந்தால் மகனுக்காக முடிவெடுக்கும் காப்பாளர் தனியாகத் தேவையில்லை என்று சொல்லியிருந்தார்கள். டிரஸ்டி பார்ப்பது சொத்தை மட்டும்தான். 18 வயது கடந்த இவனைப் போன்றவர்களுக்குச் சட்டப்படியான காப்பாளரை 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு நியமிக்க வேண்டும். பெற்றோராகிய நாங்களே விண்ணப்பித்திருக்க வேண்டும்!

மகன் இரண்டு நீல மூடிகளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறான். அந்த அண்ணனுக்காம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. சுருக்கமாக: பதிவு முடியும் முன் முழுப்பணம் கொடுக்காதீர்கள். உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் போங்கள். புரியாத மொழியில் கையெழுத்திடாதீர்கள். முதல் டிரஸ்டிக்குப் பிறகு யார் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள் (எங்கள் பத்திரத்தில் இல்லை). வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம், பாருங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்; நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. அதற்காக ரசீதைத் தேடி எடுத்துப் பார்த்தால், 85,000 ரூபாய்க்கு நேரே 'ஆவணத் தயாரிப்பு' என்று இருக்கிறது. பதிவு என்ற சொல் எங்கேயும் இல்லை.