வேர்க்கடலை ஆகாத பிள்ளைக்கு மாயவரத்துல முறுக்கு வாங்குற கடை

மொதல்லயே சொல்லிடுறேன், இது அலர்ஜி ஃப்ரீ கடையெல்லாம் கிடையாது, மாயவரத்துல அப்படி ஒரு கடை எனக்குத் தெரிஞ்சு இல்ல. பட்டமங்கலத் தெருவுலேர்ந்து உள்ள பிரியுற ஒரு சந்துல சாதாரண பலகாரக் கடை, போர்டு கூட வெயில்ல வெளுத்துப் போயிருக்கும். ஆனா எங்க வீட்டுக்கு நொறுக்குத்தீனி இப்ப இங்கேர்ந்துதான் வருது. அக்கா பையனுக்கு வேர்க்கடலையும் முந்திரியும் ஆகாது, ஆகாதுன்னா வயித்து வலியோட போற கதை இல்ல, உதடு வீங்கி மூச்சு இரைக்க ஆரம்பிச்சிடும். கடை பேரு வேணும்னேதான் போடல, ஏன்னு கீழ வரும்.

மத்த கடையில எல்லாம் "இதுல வேர்க்கடலை இருக்கா"ன்னு கேட்டா இல்லம்மான்னு ஒரே வார்த்தைல முடிச்சு பொட்டலம் கட்ட ஆரம்பிச்சிடுவாங்க. இங்க கல்லால உக்காந்திருக்க அண்ணன்கிட்ட தேன்குழலைக் காட்டி கேட்டேன், "மாவுல கிடையாதும்மா, அரிசியும் உளுந்தும்தான், ஆனா என்ன எண்ணெய்ல பொரிச்சதுன்னு நீங்க கேக்கலியே"ன்னாரு. எனக்கு அங்கயே பாதி நம்பிக்கை வந்துடுச்சு.

அந்த எண்ணெய் விஷயம் சாதாரணமில்ல. இப்ப டெல்டா பூரா மரச்செக்கு கடலை எண்ணெய்ன்னு போர்டு மாட்டினாத்தான் வியாபாரம், நல்ல எண்ணெய்தான், நானும் சமையலுக்கு வாங்குவேன். ஆனா செக்குல ஆட்டுன எண்ணெய்ல வேர்க்கடலைப் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும், அலர்ஜியைக் கிளப்புறது அந்தப் புரதம்தான். நல்லா ரீஃபைன் பண்ணுன எண்ணெய்ல அது அநேகமா போயிடும், அதுக்காக அதையும் டாக்டரைக் கேக்காம குடுக்காதீங்க. இன்னொன்னு, கொதிக்கிற எண்ணெய்ல எல்லாம் செத்துப் போயிடும்னு நம்ம ஆளுங்க சொல்வாங்க பாருங்க, சாகுறது கிருமி. புரதம் அப்படி அழியாது, வறுத்த வேர்க்கடலை பச்சையை விட அதிகமா வேலை காட்டும். மிக்சருக்கு வேர்க்கடலை பொரிச்ச சட்டியில அடுத்து முறுக்கு பிழிஞ்சா அந்த முறுக்கும் எங்களுக்கு ஆகாது.

இந்தக் கடை சரக்கு மாஸ்டர் என்ன பண்றாருன்னா காலைல புது எண்ணெய் ஊத்தி, தவிட்டெண்ணெய், மொதல்ல தேன்குழலு அப்பறம் ஓமப்பொடி அப்பறம் ரிப்பன் பக்கோடான்னு போட்டு எடுத்துடுறாரு, வேர்க்கடலையும் முந்திரியும் சட்டிக்கு வர்றது மத்தியானம் மிக்சர் கலக்கும்போதுதான். காலை சரக்கு தனி டின்னுல போயிடுது, ஜல்லிக்கரண்டியும் வேற. நமக்காகப் பண்றாருன்னு நெனைக்காதீங்க, புது எண்ணெய்ல தேன்குழல் வெள்ளையா வரும், அதான் காரணம், நமக்கு அது தோதா அமைஞ்சுபோச்சு. ஆனா மாஸ்டருக்கு இந்த விஷயம் புரியும், அவருக்கே இறால் ஆகாது, நாகூர்ப் பக்கத்து ஆளு, சொந்த ஊர்ப் பலகாரம் வாடா, அதைத் திங்க முடியாதுன்னு சிரிப்பாரு. வாடா மேல ஒரு இறாலைப் பதிச்சுத்தான பொரிப்பாங்க, இறாலைப் பிச்சுப் போட்டுட்டுத் தின்னாலும் எண்ணெய்ல அது இருக்குல்ல.

இதே ஊர்ல வேற ஒரு ஸ்வீட் ஸ்டால்ல, பெருசுதான், ஏசி எல்லாம் உண்டு, "கடலையைப் பொறுக்கிப் போட்டுட்டு மிக்சர் குடுங்கம்மா, ஒண்ணும் ஆகாது"ன்னாங்க. ஏசிக்கும் அறிவுக்கும் சம்பந்தமில்ல.

கேக்கும்போது கடலைன்னு மொட்டையா கேக்காதீங்க, காராசேவு கடலை மாவைச் சொல்றோம்னு நெனச்சு ஆமான்னுடுவாங்க, இல்ல கடலை மாவைச் சொல்லலன்னு நெனச்சு இல்லன்னுடுவாங்க. வேர்க்கடலைன்னு முழுசா கேளுங்க, முந்திரி பாதாம் தனியா கேளுங்க. தட்டையில எதைப் போட்டுருக்காங்கன்னு கடைக்குக் கடை மாறும், நான் அந்தப் பக்கமே போறதில்ல.

சீல் பண்ணுன கம்பெனி பாக்கெட்டு வாங்கிட்டா சேஃப்னு பாதி பேரு நெனைக்கிறாங்க. எஃப்எஸ்எஸ்ஏஐ, அதான் மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதோட 2020 லேபிள் விதிப்படி கோதுமை வகை, பால், முட்டை, மீன், இறால் நண்டு, வேர்க்கடலை, முந்திரி பாதாம் வகை, சோயா இதெல்லாம் இருந்தா "கன்டெய்ன்ஸ்"னு தனியா போட்டாகணும், கெட்டுப்போகாம இருக்கச் சேக்குற சல்ஃபைட்டு கிலோவுக்கு 10 மில்லிகிராமோ மேலயோ இருந்தா அதுவும். ஆனா ஒரே மெஷின்ல ஓடி ஒட்டிக்கிட்டதுக்கு "மே கன்டெய்ன்"னு போடலாம்னுதான் இருக்கு. அதனால அந்த வரி இல்லாத பாக்கெட்டு சுத்தமான பாக்கெட்டுன்னு அர்த்தமில்ல. எள்ளு அந்தப் பட்டியல்லயே இல்ல, அமெரிக்காவுல 2023 ஜனவரிலேர்ந்து எள்ளையும் சேத்துட்டாங்க, இங்க எள்ளு ஆகாதவங்க சேர்மானம் வரியை முழுசா படிச்சாத்தான் உண்டு. இந்தக் கடை பாக்கெட்ல லைசென்ஸ் நம்பர் இருக்கு, தேதி இருக்கு, ஆனா எண்ணெய்னு மட்டும் போட்டுருக்காங்க, என்ன எண்ணெய்னு இல்ல. அண்ணன்கிட்ட சொன்னேன், அடுத்த ஸ்டிக்கர் அடிக்கிறப்ப போடுறேன்னாரு, இன்னும் பழைய ஸ்டிக்கர்தான் ஓடுது.

கோதுமை ஆகாதவங்களுக்கு ஒரு வார்த்தை, அரிசி மாவு முறுக்குத்தானேன்னு கண்ண மூடிட்டு வாங்காதீங்க, கூட்டுப் பெருங்காயத்துல பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். மாஸ்டரைக் கேட்டேன், இங்கயும் அந்தப் பெருங்காயம்தான். திருவையாறு அசோகா அல்வாவுல பாசிப்பருப்போட கோதுமை மாவும் சேக்குறது உண்டு, மேல முந்திரி வேற, அதனால அது எங்க வீட்டுக்குள்ளயே வர்றதில்ல. முட்டை ஆகாதுன்னா நாகூர் தம்ரூட்டு ஸ்வீட்டையும் அச்சு முறுக்கையும் கேட்டுட்டுத் தொடுங்க.

ருசி சொல்லணுமே. தேன்குழல் அருமை, வாயில போட்டா நொறுங்கும், உப்பு மட்டும் ஒரு கல்லு கூட. ஓமப்பொடி பரவால்ல. ரிப்பன் பக்கோடா மூணாம் நாளே நமுத்துடுது. விலை பக்கத்துக் கடைகளை விட கூடத்தான், வண்டி நிறுத்த எடம் கிடையாது, சந்துல மாடு நின்னா மாடு நகர்ற வரைக்கும் நீங்களும் நிக்கணும். ஸ்வீட் வாங்காதீங்க, லட்டு மைசூர்பாகு எல்லாம் முந்திரி உடைக்கிற மேடையிலதான் வெட்டுறாங்க, நான் கண்ணால பாத்தேன். அண்ணனும் மறைக்கல, "ஸ்வீட்டு உங்களுக்கு வேணாம்மா"ன்னு அவரே சொல்லிட்டாரு, வர்ற வியாபாரத்தை வேணாங்குற கடைக்காரரை நான் பாத்தது இவரைத்தான்.

பேரு போடாததுக்குக் காரணமும் அவருதான். எழுதட்டுமான்னு கேட்டதுக்கு, "நாலு பேரு படிச்சுட்டு நம்பி வருவாங்க, நான் இல்லாத நேரத்துல பையன் எந்த டின்னையாவது தூக்கிக் குடுத்துட்டா என்னம்மா பண்றது"ன்னாரு. நியாயம்தான, அதான் விட்டுட்டேன். தேடிப் போறவங்க கல்லால அந்த அண்ணன் இருந்தா மட்டும் வாங்குங்க, பையன் இருந்தா திரும்பிடுங்க.

ஐப்பசி மாசம் இந்தக் கடையையும் மறந்துடுங்க. தீபாவளி ஆர்டரு, காவேரியில முழுக்குப் போட துலாக்கட்டத்துக்கு வர்ற கூட்டம், மாசக் கடைசி நாள் கடைமுழுக்கு முடியுற வரைக்கும் வெளி ஆளுங்களை வெச்சு ராத்திரி பகலா பொரிப்பாங்க, எந்தச் சட்டில எது போச்சுன்னு மாஸ்டருக்கே தெரியாது. அந்த மாசம் நாங்க வீட்லயே பிழிஞ்சுக்குவோம். மத்த மாசத்துல காலை பதினோரு மணிக்குள்ள போங்க, அன்னைக்குப் போட்ட சரக்கான்னு கேளுங்க, லூஸ்ல அள்ளாம டின்னுலேர்ந்து நேரா பொட்டலம் போடச் சொல்லுங்க, டாக்டர் எழுதிக் குடுத்த மருந்து கைப்பையில இருக்கான்னு பாத்துட்டே பிள்ளைக்குக் குடுங்க. செவ்வாய்க்கிழமை கடை லீவு.