தூத்துக்குடியில் சீரியல் லைட் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: பெட்டியில் இருக்கும் ஐஎஸ்ஐ முத்திரையை மட்டும் நம்பாதீர்கள்

கிறிஸ்துமஸுக்கு சீரியல் லைட் வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன டிசம்பரில் இப்படி வாங்கிய ஒரு லைட்டால்தான் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடில் எரிந்துபோனது. தீ பிடித்த நேரத்தில் எல்லோரும் வீட்டில் இருந்ததால்தான் வீடு தப்பியது.

லைட் வாங்கியது சீசனுக்கு முளைக்கிற நடைபாதைக் கடையில் இல்லை. வருஷம் முழுக்க எலெக்ட்ரிக்கல் சாமான் விற்கிற பஜார் கடை. "அண்ணாச்சி, ஐஎஸ்ஐ போட்டதா குடுங்க, வைக்கோல் குடில் மேல போடணும்" என்று சொல்லித்தான் கேட்டேன். சிவப்புப் பெட்டி ஒன்றை எடுத்து, அதிலிருந்த முத்திரையை விரலால் தட்டிக் காட்டினார். "கம்பெனி மால் சார், பயப்படாம போடுங்க." பில் கேட்டால் 'எஸ்டிமேட்' என்று தலைப்பு போட்ட துண்டுச் சீட்டு வந்தது. அதில் கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. முறையான பில்தான் வேண்டும் என்றதற்கு, "பில் போட்டா ரேட்டு கூடும், மெஷினும் ரிப்பேரு" என்றார். பணம் யுபிஐயில் போனது.

முதலில் ஒழுங்காகத்தான் எரிந்தது. ஒரு சாயங்காலம் பிளாஸ்டிக் கருகும் வாடை. விளக்குகளை மாற்றி மாற்றி மினுக்க வைக்கும் அந்தச் சின்னப் பெட்டி இளகி, பனிக்காக விரித்திருந்த பஞ்சில் பொறி விழுந்திருக்கிறது. பஞ்சில் பிடித்த தீ வைக்கோலுக்குத் தாவி, அங்கிருந்து ஜன்னல் திரைக்கு ஏறியது. இவ்வளவும் நாங்கள் அடுக்களையிலிருந்து முன்னறைக்கு வருவதற்குள். என் மனைவி ஓடிப்போய் மெயினை இறக்கினாள், அதற்கப்புறம்தான் தண்ணீர் ஊற்றினோம். கரண்ட் ஓடும்போது தண்ணீர் ஊற்றினால் ஊற்றுகிறவருக்கே ஷாக் அடிக்கும், இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். கட்டுக்கு அடங்காத தீ என்றால் அணைக்க முயலாமல் எல்லோரும் வெளியே வந்துவிட்டு 101-க்கு அடியுங்கள்.

எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்று. ஆபத்து என்றால் கரண்டைத் தானாகத் துண்டிக்கிற சுவிட்சுகளான எம்சிபி, ஆர்சிசிபி இரண்டும் வீட்டில் இருக்கின்றன. இரண்டும் ஏன் விழவில்லை? எங்கள் எலெக்ட்ரீஷியன் தம்பி விளக்கினார். எம்சிபி சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பதற்கு. 6 ஆம்பியருக்கோ 16 ஆம்பியருக்கோ மேல் போனால்தான் அது விழும். சீரியல் செட் இழுப்பது ஒரு ஆம்பியரில் ஒரு சிறு பங்கு. அந்த மெல்லிய வயரில் ஒரு இணைப்பு தளர்ந்து சூடேறினால் எம்சிபிக்குத் தெரியவே தெரியாது. ஆர்சிசிபி விழ வேண்டுமென்றால் மின்சாரம் பூமிக்குக் கசிய வேண்டும். பேஸ், நியூட்ரல் என்ற இரண்டு வயருக்கும் நடுவில் பொறி பறந்தால் அதற்குக் கணக்கில்லை. நல்ல செட் என்றால் பிளக்குக்குள்ளேயே சின்ன பியூஸ் இருக்குமாம். எங்களுடையதைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு பின், இரண்டு வயர், வேறொன்றும் இல்லை. வயரை நறுக்கிக் காந்தத்தை வைத்தார். ஒட்டிக்கொண்டது. செம்பு காந்தத்தில் ஒட்டாது. உள்ளே இருந்தது செம்பு முலாம் பூசிய இரும்புக் கம்பி.

இனி அந்த முத்திரை விஷயம். உண்மையான ஐஎஸ்ஐ முத்திரை வெறும் படமாக இருக்காது. மேலே ஐஎஸ் என்று தொடங்கும் தர எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். வயர், பிளக் போன்றவற்றில் அதைத் தேடுங்கள். எல்இடி சீரியல் விளக்குகள், ஐஎஸ்ஐ முத்திரை தருகிற இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் கட்டாயப் பதிவுத் திட்டத்தில் வருகின்றன, அவற்றில் ஆங்கில 'ஆர்' எழுத்தும் அதைத் தொடர்ந்து 8 இலக்க எண்ணும் இருக்கும். 'பிஐஎஸ் கேர்' என்ற இலவசச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது, என்ன பொருளுக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். கடை வாசலில் நின்றே பார்த்துவிடலாம். எங்கள் பெட்டியில் எண் எதுவுமே இல்லை, ஐஎஸ்ஐ லோகோ மட்டும் பளிச்சென்று அச்சாகியிருந்தது. அண்ணாச்சி விரலால் தட்டியது அதைத்தான்!

கருகிய செட்டோடு கடைக்குப் போனேன். "எங்க கடை மால்தான்னு என்ன அத்தாட்சி?" எஸ்டிமேட் சீட்டைக் காட்டினால், "இதுல எங்க பேரு இருக்கா?" யுபிஐ பதிவைக் காட்டியதும் குரல் இறங்கியது. அப்போதும் மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. அதே சிவப்புப் பெட்டியில் இன்னொன்றை எடுத்து நீட்டி, "வேணும்னா இத வச்சுக்கோங்க" என்றார். எரிந்த வீட்டுக்காரனுக்கு இன்னொரு தீப்பெட்டி!

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கையில் ஒன்றுமே மிஞ்சியிருக்காது. முறையான பில் தராத கடையில் இந்தச் சாமானை வாங்கவே வாங்காதீர்கள், பத்து இருபது ரூபாய் லாபம் எதற்கும் ஆகாது.

வீட்டில் ஏற்கெனவே செட் இருக்கிறவர்களுக்கும் சில வார்த்தை. கண்ட்ரோல் பெட்டியையும் பிளக்கையும் வைக்கோல், பஞ்சு, தெர்மாகோல் பக்கத்தில் வைக்காதீர்கள், தரையிலோ சுவரிலோ தனியாக இருக்கட்டும். சவுக்கு மரம் வெட்டிக்கொண்டு வந்து வைக்கிற வீடுகளில், அது நாளுக்கு நாள் காய்ந்து விறகாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். அட்டை ஸ்டாருக்குள் பழைய குண்டு பல்ப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்தச் சூட்டுக்கு அட்டை தாங்காது. சின்ன எல்இடி பல்பாக மாற்றுங்கள். மாடியில் கட்டுவது மழைக்குத் தாங்கும் செட்தானா என்று பாருங்கள், டிசம்பர் மழை நம் ஊரில் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

எல்லாவற்றையும்விட, 24-ஆம் தேதி ராத்திரி. நடுஇரவுத் திருப்பலிக்கோ ஆராதனைக்கோ வீட்டைப் பூட்டிக்கொண்டு மொத்தக் குடும்பமும் போகும். தெருவே ஜொலிக்கட்டும் என்று லைட்டை எரியவிட்டுப் போகாதீர்கள், சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் போங்கள். எங்கள் வீட்டில் அன்று ராத்திரி அந்தப் பெட்டி இளகியிருந்தால் அணைக்க ஆள் இருந்திருக்காது.

நாங்கள் வாங்கிய பெட்டியின் அடையாளம்: சிவப்பு அட்டை, முன்பக்கம் கிறிஸ்துமஸ் மரப் படம், தயாரித்த நிறுவனத்தின் முகவரி கிடையாது, ஐஎஸ்ஐ லோகோவுக்கு மேலும் கீழும் எண் கிடையாது, பச்சை வயர், தட்டையான இரண்டு பின் பிளக். உங்கள் வீட்டில் இருந்தால் இப்போதே கழற்றிவிடுங்கள். குப்பையில் போடாமல் பெட்டியோடு எடுத்து வையுங்கள், புகார் கொடுக்க உதவும்.