ஹார்ன்ஸ்பியா, மார்கனா? பேஸ்பாலில் இரண்டாம் பேஸின் முதல் இடம் யாருக்கு?

1924-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக இரண்டாம் பேஸைக் காத்த ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி அடித்த பேட்டிங் சராசரி .424, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 424 ஹிட் (பேட்டரைப் பேஸுக்குக் கொண்டு சேர்க்கும் அடி) என்ற கணக்கு. நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன, அமெரிக்காவின் இரு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகில் அதன் பிறகு ஒருவரும் அதைத் தொடவில்லை. 1921 முதல் 1925 வரை ஐந்து பருவங்களையும் சேர்த்துப் பார்த்தாலே .402 வருகிறது. ஒரே பருவத்தில் 40 ஹோம் ரன்னும் (பேட்டர் எல்லா பேஸையும் சுற்றி வந்துவிடும் அடி) .400 சராசரியும் எடுத்தவர் இவர் ஒருவர்தான் (1922). கண் கெட்டுவிடும் என்று சினிமா பார்ப்பதையே தவிர்த்தவர்.

ஜோ மார்கனின் வாழ்நாள் சராசரியோ .271. இந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. நானும் பல காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் சராசரிக்குள் வராத கணக்கு ஒன்று உண்டு. பந்து வீசும் பிட்சர் நான்கு பந்துகளைத் தவறாக வீசினால் பேட்டர் நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். அதுதான் வாக். மார்கன் 1,865 முறை அப்படி நடந்தார், ஹார்ன்ஸ்பி 1,038 முறை. பேஸை எட்டியதும் மார்கன் சும்மா நிற்க மாட்டார். 689 பேஸ்களைத் திருடினார் (அடி விழாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார்), பிடிபட்டது 162 தடவைதான். 1975-இல் சின்சினாட்டி ரெட்ஸுக்காக ஆடியபோது .327 சராசரி, 132 வாக், 67 திருட்டு. பேஸை எட்டிய விகிதம் .466. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே, பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் கோப்பையும் இரண்டு ஆண்டும் ரெட்ஸுக்கே.

அப்படியும் வாழ்நாள் முழுவதையும் எடுத்தால், பேஸை எட்டிய விகிதத்தில் ஹார்ன்ஸ்பிதான் முன்னால் நிற்கிறார்: .434-க்கு .392. இங்கே காலத்தையும் தராசில் வைக்க வேண்டும். 1924-இல் நேஷனல் லீகின் மொத்தச் சராசரியே .280-ஐத் தாண்டியது, 1975-இல் .260-க்கும் கீழே. அதைவிடப் பெரிய வித்தியாசம், ஹார்ன்ஸ்பி ஆடிய 1915–1937 காலத்தில் கறுப்பின வீரர்களுக்குக் கதவு அடைத்தே இருந்தது. சாட்செல் பேஜ் போன்ற பிட்சரை அவர் ஒரு லீக் ஆட்டத்தில்கூடச் சந்திக்க வேண்டியிருக்கவில்லை. மார்கனோ கறுப்பினப் பிட்சரான பாப் கிப்சனை எதிர்த்து நின்றவர்.

இரண்டாம் பேஸ்மேனின் தொழிலே தனி. ஒரே அடியில் இருவரை அவுட்டாக்கும் டபுள் ப்ளே வரும்போது, இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட் ஸ்டாப் எறியும் பந்தை வாங்கி, பேஸை மிதித்து, உடலைத் திருப்பி முதல் பேஸுக்கு எறிய வேண்டும். ஓடி வருபவர் பெரும்பாலும் கண்ணில் படாத பக்கத்திலிருந்து காலை நோக்கிச் சறுக்குவார். எல்லாம் ஒரு நொடிக்குள். மார்கனின் கையுறை மிகச் சிறியது, பந்து உள்ளே சிக்காமல் உடனே கைக்கு வரும். 1973 முதல் 1977 வரை சிறந்த களத்தடுப்புக்கான கோல்ட் கிளவ் விருதுகள் தொடர்ந்து ஐந்து. ஹார்ன்ஸ்பியோ பின்னோக்கி ஓடி உயரப் பந்தைப் பிடிப்பதில் தடுமாறுவார் என்று அப்போதே பேச்சு இருந்தது.

இன்னொரு இரண்டாம் பேஸ்மேன் எடி காலின்ஸையும் விட்டுவிட முடியாது: 3,315 ஹிட், 25 பருவங்கள். ஆனால் ஹோம் ரன் பலம் இல்லை. ஜாக்கி ராபின்சன் இரண்டாம் பேஸில் முழுநேரமாக நின்றது 1948 முதல் 1952 வரைதான். முழு ஆட்டவாழ்வையும் அங்கேயே கழித்திருந்தால் இந்தத் தலைப்பில் அவர் பெயரும் இருந்திருக்கும்.

என் ஓட்டு மார்கனுக்கே. மட்டை, கால், கை மூன்றாலும் ஆட்டத்தை வென்று கொடுத்தவர் அவர். 1975 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் பாஸ்டனில், ஒன்பதாவது இன்னிங்ஸ், 3-3 சமநிலை, இரண்டு பேர் அவுட். மார்கன் அடித்த பந்து பலமாகக்கூடப் போகவில்லை, நடுக்களத்தில் மெல்ல விழுந்தது. மூன்றாம் பேஸிலிருந்து கென் கிரிஃபி ஓடி வந்தார். ரெட்ஸ் 35 ஆண்டுகள் காத்திருந்த கோப்பை அந்த ஓட்டத்தில்தான் வந்தது.