மார்கரிட்டா: ஆரஞ்சா, அகாவே பாகா?

டெக்கிலா என்ற மெக்சிகோ மது, எலுமிச்சைச் சாறு, ஓர் இனிப்பு. மார்கரிட்டா என்ற காக்டெயிலுக்கு இவ்வளவுதான் தேவை. முதல் இரண்டில் யாருக்கும் தகராறு இல்லை. இனிப்பு எதிலிருந்து வர வேண்டும் என்பதில்தான் இரண்டு கட்சி. குவான்ட்ரோ, ட்ரிப்பிள் செக் மாதிரி ஆரஞ்சுத் தோல் மணக்கும் மதுவை ஊற்றுவது பழைய கட்சி. டெக்கிலா எந்தச் செடியிலிருந்து வருகிறதோ அதே அகாவேயின் பாகை ஊற்றினால் போதும் என்பது புதுக் கட்சி. இரண்டையும் வீட்டில் பல சனிக்கிழமைகள் கலக்கிப் பார்த்தாயிற்று.

முதலில் பழையது. மார்கரிட்டா என்றால் ஸ்பானிய மொழியில் டெய்சிப் பூ. டெய்சி என்ற பெயரிலேயே ஒரு பழைய கலவை வகையும் உண்டு: மது, எலுமிச்சை, கொஞ்சம் இனிப்பு. அதில் டெக்கிலா புகுந்ததும் பெயரும் ஸ்பானியத்துக்கு மாறிவிட்டது என்ற விளக்கம்தான் எனக்கு நம்பும்படி இருக்கிறது. நடிகைக்காகச் செய்தது, 1948-இல் அகபுல்கோ விருந்தில் பிறந்தது என்று வேறு கதைகளும் உலவுகின்றன. ஆனால் 1937-லேயே லண்டனில் வந்த ஒரு காக்டெயில் புத்தகத்தில் ‘பிக்கடோர்’ என்ற பெயரில் இதே மூன்று பொருள்களும் இருக்கின்றன.

புதியது சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தது. அங்கே 1965-இல் தொடங்கிய டாமி’ஸ் என்ற மெக்சிகோ உணவகத்தில், உரிமையாளரின் மகன் ஹூலியோ பெர்மெஹோ 1990 வாக்கில் ஆரஞ்சு மதுவைத் தூக்கிவிட்டு அகாவே பாகைச் சேர்த்தார். நல்ல டெக்கிலா இருக்கும்போது அதன் மேல் எதற்கு ஆரஞ்சைப் போர்த்த வேண்டும் என்பதுதான் கணக்கு. இன்று சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் பட்டியலில் டாமி’ஸ் மார்கரிட்டாவும் தனியாக இருக்கிறது.

அளவுக்கு வருவோம். அந்தச் சங்கத்தின் கணக்கில் பழையதற்கு டெக்கிலா 50 மில்லி, ஆரஞ்சு மது 20, எலுமிச்சை 15. எனக்கு இதில் புளிப்பு போதாது. சாறை 20 ஆக்கிவிடுவேன். டாமி’ஸுக்கு நான் வைத்திருக்கும் அளவு டெக்கிலா 60 மில்லி, அதாவது ஒரு லார்ஜ். எலுமிச்சை 30, பாகு 15. இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஆரஞ்சு போட்டதுதான் இனிப்பானது, லேசானது என்று நினைப்பார்கள். குவான்ட்ரோவும் டெக்கிலா மாதிரியே 40 சதவீதம். பழையதில் 70 மில்லி சரக்கு போகிறது, சுத்த ஆல்கஹாலாகப் பார்த்தால் 28 மில்லி. டாமி’ஸில் 24-தான். ‘ஜூஸ் மாதிரி இருக்கு’ என்று மூன்றாவது கிளாஸ் கேட்கும் நண்பருக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

ருசியில் என்ன வித்தியாசம்? பழையதில் மூக்குக்கு முதலில் வருவது ஆரஞ்சுத் தோல், பின்னால்தான் டெக்கிலா. டாமி’ஸில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. சுட்ட அகாவேயின் வாசனை, லேசான மிளகுக் காரம், பச்சை வாசனை எல்லாம் நேராக வரும். அதனால் பாட்டில் மட்டமாக இருந்தால் அதுவும் நேராகவே வரும். டெக்கிலாவில் இரண்டு ரகம். முழுக்க அகாவே சர்க்கரையில் செய்தது ஒன்று. குறைந்தது 51 சதவீதம் அகாவே, மீதி வேறு சர்க்கரை என்று செய்த ‘மிக்ஸ்டோ’ மற்றொன்று. லேபிளில் ‘100% அகாவே’ என்று இல்லாவிட்டால் இரண்டாவது ரகம் என்றே எடுத்துக்கொள்ளலாம். அந்த ரகத்தில் டாமி’ஸ் செய்து பார்த்தேன், தொண்டையில் ஸ்பிரிட் நெடிதான் நின்றது. அதே பாட்டிலில் பழைய முறையில் செய்தபோது சமாளிக்க முடிந்தது. இரண்டுக்குமே மரப்பீப்பாயில் ஊறாத பிளாங்கோ போதும்.

வீட்டுச் செலவைப் பார்த்தால் டாமி’ஸ் ஜெயிக்கிறது. ஒரு பாட்டில் மது வாங்கினால் போதும், பாகு மலிவு. ஆனால் பாகை அப்படியே ஊற்றினால் ஐஸ் பட்டதும் கிளாஸின் அடியில் கம்பிப் பதத்தில் படுத்துக்கொள்ளும். சம அளவு வெந்நீரில் கரைத்து ஆறவைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன 15 மில்லி இந்தக் கரைசலின் அளவு. பாகு கிடைக்காவிட்டால் சாதா சர்க்கரைப் பாகு நடக்கும். கருப்பட்டிப் பாகு ஊற்றியும் பார்த்தேன். ருசி மோசமில்லை, ஆனால் டெக்கிலா இருந்த இடமே தெரியவில்லை. அப்புறம், அகாவேயைத் தேடி அலோவேரா ஜூஸ் வாங்கி வராதீர்கள். சோற்றுக் கற்றாழை வேறு குடும்பம். ரயில் பாதையோரம் வேலியாக நிற்கும் ரயில் கற்றாழைதான் அகாவேக்குப் பங்காளி.

எலுமிச்சையில் நமக்கு ஒரு கொடுப்பினை. அமெரிக்க பார்களில் பெரும்பாலும் விதையில்லாத பெரிய பெர்சிய லைம்தான். மெக்சிகோவில் ‘லிமோன்’ என்று குவித்து விற்கும் சின்னப் பழமும் நம் சந்தை எலுமிச்சையும் ஒரே இனம். பழுத்து மஞ்சளானதை ஊறுகாய்க்கு விட்டுவிட்டு, தோலில் பச்சை மாறாததாகப் பொறுக்குங்கள், மணம் அதில்தான். தரையில் உருட்டி, நறுக்கி, அப்போதே பிழிய வேண்டும். விதை கசக்கும் அளவுக்கு நசுக்க வேண்டாம். பாட்டிலில் வரும் ‘மார்கரிட்டா மிக்ஸ்’ இந்தப் போட்டியிலேயே இல்லை. மிக்ஸியில் ஐஸோடு அரைக்கும் வகைக்கும் வரலாறு உண்டு. 1971-இல் டல்லாஸில் மரியானோ மார்ட்டினெஸ் என்பவர் ஐஸ்கிரீம் இயந்திரத்தை மாற்றி அதற்கென ஓர் இயந்திரம் செய்தார், அது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அவ்வளவு குளிரில் நாக்கு மரத்துப்போவதால், அதில் ஆரஞ்சா பாகா என்ற கேள்விக்கே வேலை இல்லை.

ஷேக்கர் இல்லையென்றால் வாயகன்ற ஸ்டீல் தண்ணீர் பாட்டில். ஐஸை நிறையப் போட்டு 15 விநாடி குலுக்குங்கள். பாட்டிலின் வெளிப்பக்கம் பனி பூத்து கை வலிக்கும்போது சரியாக இருக்கும். கொஞ்சமாகப் போட்டால் சீக்கிரம் உருகி ரசமாகிவிடும்.

முதன்முதலில் கிளாஸ் விளிம்பில் நான் ஒட்டியது தூள் உப்பு, அதுவும் உள்ளும் புறமும். முதல் வாயிலேயே மெரினாவில் முங்கி எழுந்த மாதிரி இருந்தது. இப்போது கல் உப்பை ஒன்றிரண்டாகப் பொடித்து, வெளிப்பக்கம் மட்டும், அதுவும் பாதி விளிம்புக்கு. பழையதற்கு இந்த உப்பு கட்டாயம் வேண்டும், ஆரஞ்சின் கசப்பை அது அடக்குகிறது. டாமி’ஸுக்கு நான் உப்பே வைப்பதில்லை. என் வீட்டில் 100% அகாவே பாட்டில் இருக்கும் மாதம் டாமி’ஸ். யாராவது கொண்டுவந்த சாதா பாட்டில் என்றால் குவான்ட்ரோவைத் திறப்பேன்.

மொட்டைமாடியில் பகல் விருந்து என்றால், பழம் பிழிந்தவர் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு வெயிலுக்குப் போகட்டும். சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் ஓரிரு நாளில் தீக்காயம் மாதிரி கொப்புளம் வரலாம், பிறகு படியும் கறுப்பு மறைய வாரக்கணக்கில் ஆகும்.